சத்தம் நின்றால் போதுமா?

இந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் அப்படியே கவிழ்த்து வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வீட்டைக் கேளுங்கள்.

ஃபிரிட்ஜ் உறுமுகிறதா? மின்விசிறி டக் டக் என்கிறதா? பக்கத்து அறையில் யாராவது இருமுகிறார்களா? இதெல்லாம் நேற்றும் இருந்திருக்கும். நாம்தான் கேட்டிருக்க மாட்டோம். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படி இருந்தவன்தான், ஒடுகத்தூரில் ஒரு மெஷின் என் காதைப் பிடித்துத் திருகும் வரை.

ஒடுகத்தூர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: வேலூர் மாவட்டம், அணைக்கட்டு பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். வெள்ளிக்கிழமை காலையில் போனால் ஆட்டுச் சந்தையில் பாதி ஊர் நிற்கும். மற்ற நாட்களில் விடிந்ததும் விடியாததுமாகத் தெருமுனையில் பெண்கள் நிற்பார்கள். கையில் டிபன் பாக்ஸ், தோளில் பை, தலையில் ஒரு முழம் பூ. மாதனூர் வழியாக ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். ஐரோப்பாவில் எவரோ மாட்டிக்கொண்டு நடக்கிற ஷூவில் இந்தப் பெண்களின் தையல் இருக்கும்.

என் அக்கா 22 வருடம் அந்த பஸ்ஸில் போனவள். தையல் பிரிவு. ஷூவின் மேல்தோலை மெஷினில் கொடுத்து, வளைத்து, திருப்பித் திருப்பித் தைக்கிற வேலை. மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் ஆறு பேர். பெங்களூரில் இருக்கும் மூத்த மகன், அம்மாவுக்குக் கை வலிக்கிறது என்று கேள்விப்பட்டு, போன பொங்கலுக்கு ஒரு டிஷ்வாஷர் வாங்கி அனுப்பிவிட்டான்.

ஒடுகத்தூரில் டிஷ்வாஷரா என்று சிரிக்காதீர்கள். தெருவே வந்து பார்த்ததாம். "தண்ணி ரொம்பக் குடிக்குமா?" என்பது முதல் கேள்வி. ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் என்றதும் யாரும் நம்பவில்லை. "மெஷினுக்குக் கூடவா உப்பு போடுவாங்க?" என்பது அடுத்த கேள்வி. போடத்தான் வேண்டும். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள மெஷினுக்குள் ஒரு வகைப் பிசின் மணிகள் இருக்கின்றன. அந்த மணிகளைக் கழுவித் தயார் செய்யத்தான் உப்பு. "உப்பு போட்ட எடத்துல இது ஒயுங்கா வேல செய்யும். மனுசன்தான் செய்றது இல்ல" என்றாளாம் அக்கா.

நான் போயிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஆம்பூர் பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, சமையலறையிலிருந்து ஒரு சத்தம். கரகரகரகர. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினால் வருமே, அப்படி. கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடியும் வரும்.

"மோட்டார் போயிடுச்சு மாமா" என்றான் அக்காவின் சின்ன மகன். "அப்பவே சொன்னேன், இதெல்லாம் நமக்கு ஆவாதுன்னு" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். நான் படித்தவன் இல்லையா? எழுந்து போய் ஒரு காரியம் செய்தேன். கோணிப்பையை நாலாக மடித்து மெஷினுக்குக் கீழே செருகினேன். மேலே ஒரு பழைய கம்பளியைப் போர்த்தினேன். சமையலறைக் கதவைச் சாத்தினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. வெற்றி வீரனைப் போல வந்து படுத்தேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"அழுவுற கொழந்த வாயில துணிய அடச்சிட்டு வந்தா மாரி கீதுடா நீ செஞ்சது."

அவளே போய்க் கம்பளியை எடுத்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதையும் தொடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம் போனது. எனக்குக் கொட்டாவி வந்தது.

"தண்ணி உள்ள வரசொல்ல சத்தம் இல்ல. சுத்திச் சுத்தி அடிக்கசொல்லவும் இல்ல. அழுக்குத் தண்ணிய வெளிய தள்றப்பதான் கரகரங்குது. மோட்டாரு நல்லாத்தான் கீது. தள்ற எடத்துல இன்னாவோ மாட்டிக்கினு கீது."

உங்கள் வீட்டிலும் இந்த மெஷின் இருக்கலாம், இல்லை நாளைக்கு வரலாம். அதனால் நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டதையும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒவ்வொரு மாதிரி பேசும். உள்ளே விசிறி போலச் சுற்றி நீரைப் பீய்ச்சுகிற கை ஒன்று உண்டு. தட்டிலிருந்து கரண்டிக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கை அதில் இடிக்கும். டக், டக் என்று தாளம் தவறாமல் வரும். பாத்திரத்தை மாற்றி அடுக்கினால் போதும். தண்ணீர் வடிகிற சல்லடையில் சோறும் கறிவேப்பிலையும் அடைத்துக்கொண்டால் பம்ப்புக்குத் தண்ணீர் போதாது. காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு கொரகொரவென்று இழுக்கும். சல்லடையைக் கழுவினால் சரி. மெஷின் சமமாக நிற்காவிட்டால் உடம்பு முழுக்க அதிரும். ஊளையிடுவது போல ஒரே சீராக, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் சத்தம் ஒன்று உண்டு. அது பேரிங் தேய்ந்த சத்தமாக இருக்கலாம். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கரகரவென்றால், வடிகால் பம்ப்பில் ஏதோ சிக்கியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கினோம். குழாயை மூடினோம். கீழ்த்தட்டை வெளியே இழுத்து, சல்லடையைத் திருகி எடுத்தோம். குழியில் தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தோம். வெறும் கையை விடாதீர்கள், கண்ணாடிச் சில்லு இருந்தால் கிழித்துவிடும். அக்காவின் மகன் கையுறை போட்டுக்கொண்டு, பம்ப் மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் குறட்டால் ஒன்றை இழுத்தான்.

எலும்புச் சில்லு. கடலை அளவு. மதியம் சாப்பிட்ட பிரியாணி. தட்டை வழித்துப் போடாமல் அப்படியே உள்ளே அடுக்கியது யார் என்று விசாரணை நடந்தது. நான்தான்.

குற்றவாளி மெஷின் இல்லை என்பதை இங்கே கவனியுங்கள். சத்தம் போட்டது அது. கோளாறு செய்தது நான். ஆனால் அந்த வீட்டில் நாங்கள் எல்லாரும் முதலில் பழி போட்டது சத்தம் போட்டதன் மேல்தான்.

"எப்படிக்கா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"கம்பெனியில எங்க லைன்ல எத்தினியோ மெஷினு ஓடும்டா. ஊசி முனை மழுங்கிச்சின்னா சத்தத்துலயே தெரிஞ்சிரும். இதுவும் அதே மாரிதான். நல்லா ஓடசொல்ல தெனம் கேட்டுனு இருந்தேன். நல்லா இருக்கசொல்ல கேட்டவங்களுக்குத்தான் கெட்டுப்போனது தெரியும்."

இந்த வாக்கியத்தை நான் என் டைரியில் எழுதி வைத்தேன். ஆனால் அதன் முழு அர்த்தம் அதற்கடுத்த நிமிடம்தான் புரிந்தது.

எலும்புச் சில்லை வாங்கிப் பார்க்க அக்கா கையை நீட்டினாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தாள். அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. தண்ணீரை உதறுவது போலக் கையை நாலு தடவை உதறினாள்.

"இன்னாக்கா?"

"மரத்துப் போவுதுடா. ராத்திரில ரொம்ப. சொன்னனே."

சொன்னாள்தான். இரண்டு வருடமாகச் சொல்கிறாள். நான் சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வேன். முதல் தடவை சொன்னபோது, "தைலம் தேய்ச்சுக்கோ" என்றேன். பிறகொரு தடவை, "வயசாகுதில்ல" என்றேன். பொங்கலுக்குப் பிறகு சொன்னபோது, "அதான் மெஷின் வாங்கிக் கொடுத்துட்டானே, இன்னும் என்ன?" என்றேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கோணிப்பை, கம்பளி, சாத்திய கதவு. அன்றைக்கு மெஷினுக்கு நான் செய்ததைத்தான் இரண்டு வருடமாக அக்காவுக்குச் செய்திருக்கிறேன். மகன் அன்பாக வாங்கிக் கொடுத்த டிஷ்வாஷரைக்கூட நான் இன்னொரு கம்பளியாக்கி அவள் மேல் போர்த்திவிட்டேன்.

இந்த இடத்தில் வேலூரில் வாழ்ந்த ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அந்த நோயால் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் கூடவே இருந்து கவனித்தார். அழுகவில்லை. அந்த நோய் நரம்பைக் கெடுத்து, வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாததால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், சுடாது. செருப்பில் ஆணி குத்தும், தெரியாது. புண் மேல் புண்ணாகி விரல் போகும். ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்தாலும் விழிப்பு வராதாம். அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வலியைப் போக்கத்தானே டாக்டர்? இவர் வலி வேண்டும் என்றார். வேலூரிலும், பக்கத்தில் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், 1966-ல் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போன பிறகு இன்னொரு முயற்சியில் இறங்கினார். செயற்கையாக வலியை உண்டாக்க முடியுமா என்று பார்த்தார். உணர்வில்லாத கைக்கு ஒரு கையுறை. அதில் அழுத்தத்தை அளக்கும் கருவி. அளவு மீறினால் காதில் சத்தம் வரும். நோயாளிகள் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. சரி, உணர்வுள்ள இடத்தில் லேசாக ஷாக் அடிக்கிற மாதிரி மாற்றிப் பார்த்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? ஏதாவது ஒரு வேலையை முடித்தே ஆக வேண்டும் என்றால், நோயாளி கருவியை அணைத்துவிடுவார். கையைப் பாழாக்கிக்கொண்டு வேலையை முடிப்பார். பிறகு மறுபடியும் போட்டுக்கொள்வார். கடைசியில் அந்த முயற்சியையே கைவிட வேண்டியதாயிற்று.

அவர்களை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். அணைக்கிற பொத்தான் கையில் இருந்தால் நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். நம் உடம்பின் வலிக்கு அந்தப் பொத்தான் இல்லை. அதனால்தான் உருப்படியாக இருக்கிறோம். ஆனால் அடுத்தவர் வலிக்குப் பொத்தான் எப்போதும் நம் கையில் இருக்கிறது. "வயசாகுதில்ல" என்பது அந்தப் பொத்தான். "இதெல்லாம் சகஜம்" என்பது அந்தப் பொத்தான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பது ஊருக்கே பொதுவான பொத்தான்.

வீட்டில் மட்டுமா? இந்தத் தோல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, நிறம் மாறுகிறது, பயிர் கருகுகிறது என்று பாலாற்றுக் கரையில் ஜனங்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு கரகர சத்தம்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கு அது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: பெரிய கேடு வரும் அபாயம் தெரிந்தால், விஞ்ஞானபூர்வமான முழு நிரூபணம் கையில் வரும் வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும். முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று இதைச் சட்டம் படித்தவர்கள் சொல்கிறார்கள். என் அக்கா பாஷையில், ஊசி உடைகிற வரைக்கும் உட்கார்ந்திருக்காதே, மழுங்கின சத்தம் கேட்டதுமே மெஷினை நிறுத்து. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், 2025 ஜனவரியில் அதே பாலாற்றைப் பற்றி அதே நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டி வந்தது.

இந்த ஷூ கம்பெனிகளால்தான் அக்கா பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். அதை அவள் மறந்ததே இல்லை. "கம்பெனி இல்லன்னா நாங்க ஏது?" என்பாள். பம்ப் கரகரக்கிறது என்று சொல்வது மெஷினைத் தூக்கி வெளியே போடு என்று சொல்வதாகாது. குறை சொல்கிறவர்களை விரோதிகளாகப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரிவதில்லை.

உங்களுக்கு ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். "எல்லாச் சத்தத்துக்கும் காது கொடுத்தால் வாழ முடியுமா சார்? சில பேர் சும்மாவே புலம்புவார்களே?"

நியாயம். டிஷ்வாஷரும் சும்மா இருக்கும்போதுதான் சத்தம் போடாது. ஓடினால் தண்ணீர் சளசளக்கும், மோட்டார் முனகும். அது வேலையின் சத்தம். எது வேலையின் சத்தம், எது வேதனையின் சத்தம் என்று எப்படிப் பிரிப்பது? அக்கா அதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். நல்லா இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும். நாம் பெரும்பாலும் தொந்தரவு வரும்போது மட்டும் காதைத் திறக்கிறோம். அப்படித் திறக்கிற காதுக்கு எல்லாமே தொந்தரவாகத்தான் கேட்கும். அம்மாவின் சாதாரணக் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான், இன்றைக்குக் குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது என்று தெரியும். என் அக்கா புலம்புகிற ரகம் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 22 வருடத்தில் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள் திடீரென்று பேசினாள் என்றால், அந்த மாற்றமே போதுமான சாட்சி. நான் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்தேன். ஒரு ஞாயிறும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. கரகரத்த மெஷின் தானாக அமைதியானால் நாம் சந்தோஷப்படுகிறோம். எலும்புச் சில்லு தானாக வெளியேறியிருக்கலாம். பம்ப் ஒரேயடியாக நின்றுபோயிருக்கலாம். வெளியே இருந்து கேட்பவனுக்கு இரண்டும் ஒரே அமைதிதான். "இப்பல்லாம் அவ ஒண்ணும் சொல்றதில்ல" என்று மனைவியைப் பற்றியோ மகளைப் பற்றியோ நிம்மதியாகச் சொல்கிற ஆண்கள், இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

மறுநாள் அக்காவை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறதாம். அதன் வழியாகத்தான் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்வு கொடுக்கிற நரம்பு போகிறது. கையை ஒரே மாதிரி அழுத்தித் திருப்புகிற வேலையை வருடக்கணக்காகச் செய்தால், அங்கே வீங்கி நரம்பு நசுங்கலாம். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை மேடு அக்காவுக்குத் தட்டையாகிவிட்டிருந்தது. டாக்டர் தன் கையையும் அவள் கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்தக் கையால் பரிமாறிய பிரியாணியைத்தான் முந்தின நாள் சாப்பிட்டிருக்கிறேன். பார்க்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு வருசமா" என்றாள் அக்கா.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ஆபரேஷன் செய்துகொண்டாள். ராத்திரியில் இப்போது தூங்குகிறாள். மெலிந்த சதை முழுசாகத் திரும்புமா என்பதற்கு டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். மெஷின் ஒழுங்காக ஓடுகிறது. தட்டை வழித்துப் போடுவது இப்போது ஆண்கள் வேலை. அக்காவின் உத்தரவு.

இனி நீங்கள் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தபோது கேட்டதற்கு வாருங்கள். ஃபிரிட்ஜை விடுங்கள். மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொள்ளலாம்.

பக்கத்து அறையில் இருமல் கேட்டதே, அது எத்தனை நாளாக?